பந்துக்கு முகவரி தந்தவர்கள்: டாப்கோல்ஃப் கடந்து வந்த கால் நூற்றாண்டு

விளையாட்டு நிறுவனம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுந்தால் கோப்பைகளின் பட்டியலும் சாம்பியன்களின் படங்களும் முன்னால் வந்து நிற்பது வழக்கம். டாப்கோல்ஃப் நிறுவனத்தின் வரலாற்றில் அந்த இடம் வேறொரு கூட்டத்துக்கு உரியது. வேலை முடிந்து அலுவலகத் தோழர்களோடு வந்தவர்கள், பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்த பாட்டிமார்கள், கோல்ஃப் மட்டையை அதுவரை தொட்டே பார்த்திராத கல்லூரி மாணவர்கள் என, ஒரு விளையாட்டின் வாசலுக்கு வெளியே நின்றிருந்த மக்களே இந்த வரலாற்றின் நாயகர்கள்.

லண்டனுக்கு வடமேற்கே உள்ள வாட்ஃபோர்டு நகரில் 2000-ஆம் ஆண்டு ஒரே ஒரு பயிற்சித் திடலோடு இந்த நிறுவனம் தன் கதவைத் திறந்தது. 2025-இல் அதற்குக் கால் நூற்றாண்டு நிறைந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, மெக்சிகோ, ஐக்கிய அரபு அமீரகம், தாய்லாந்து, ஜெர்மனி என்று பரவி, நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுக் கூடங்களாக அது வளர்ந்திருக்கிறது. கூடத்தின் பிரம்மாண்டம், சுடச்சுடக் கிடைக்கும் உணவு, இசை, விளக்கொளி ஆகியவற்றை இந்த வளர்ச்சிக்குக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அவை அனைத்தும் பிறகு வந்து சேர்ந்தவை. அடித்தளம் ஒன்றுதான். பந்தை அடித்த ஒவ்வொருவருக்கும், அது எங்கே போய் விழுந்தது என்ற பதிலை இந்த நிறுவனம் உடனுக்குடன் தந்தது. அந்தப் பதிலைத் தேர்ந்த ஆட்டக்காரருக்கும் முதல்நாள் வந்தவருக்கும் ஒன்றுபோலத் தந்தது.

பதில் இல்லாத பயிற்சி

கோல்ஃப் மைதானத்தில் ஆடுபவர் தன் பந்தைத் தேடி நடந்தே போகிறார். புல்வெளியில் கிடக்கிறதா, மணற்குழியில் சிக்கியதா, குளத்தில் விழுந்ததா என்பதை நேரில் பார்க்கிறார். அதை வைத்தே அடுத்த அடிக்கான மட்டையை எடுக்கிறார். டிரைவிங் ரேஞ்ச் எனப்படும் பயிற்சித் திடலில் இதற்கு வழியில்லை. ஒரே இடத்தில் நின்றபடி, வாளியில் உள்ள பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க வேண்டும். எதிரே 100 கஜம், 150 கஜம், 200 கஜம் என்று எழுதிய பலகைகள் நிற்கும். பக்கத்தில் இருபது முப்பது பேர் அதே நிறப் பந்துகளை அடித்துக்கொண்டிருப்பார்கள். நம் பந்து எது, அது 140 கஜத்தில் விழுந்ததா 160 கஜத்தில் விழுந்ததா என்பதைச் சொல்ல யாரும் இல்லை. பொழுது சாய்ந்துவிட்டால் பந்து போன திசைகூடத் தெரியாது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், பைன்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் 1913-இல் அமைந்த ‘மேனியாக் ஹில்’ அந்நாட்டுப் பயிற்சித் திடல்களின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அன்றிலிருந்து நூற்றாண்டின் இறுதி வரை திடல்கள் பெருகின. விளக்குகள் வந்தன, கூரை வந்தது, செயற்கைப் புல்விரிப்பு வந்தது. நிலத்தட்டுப்பாடு மிகுந்த ஜப்பானில் இரண்டு மூன்று அடுக்குகளாக உயர்ந்து, நகர நடுவே பெரும் வலைகளுக்குள் பந்து பறந்தது. குனிந்து கையால் வைக்கத் தேவையில்லாமல் பந்தைத் தானே தூக்கி நிறுத்தும் இயந்திரங்களும் வந்தன. இத்தனை வசதிகள் வந்தும், அடித்த பந்துக்குப் பதில் மட்டும் வரவில்லை.

பழக விரும்புகிறவருக்கு இது பெரிய இழப்பு. தவறு எங்கே என்று தெரியாமல் நூறு பந்து அடித்தால், அந்தத் தவறே கையில் படிந்துவிடும். புதிதாக வந்தவருக்கோ இன்னும் கடினம். பத்துப் பந்து அடிப்பதற்குள் சலிப்பு வந்துவிடும். ‘இது நமக்கு வராது’ என்று ஒதுங்கிவிடுவார்.

இரட்டைச் சகோதரர்களின் கேள்வி

ஸ்டீவ் ஜாலிஃப், டேவ் ஜாலிஃப் இருவரும் இரட்டைச் சகோதரர்கள். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டம்தான் அவர்களுடைய முயற்சியின் களம். கோல்ஃப் பயிற்சியில் இருந்த இந்தச் சலிப்பைப் போக்க வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். பந்துகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல் என்றால், ஒவ்வொரு பந்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் என்ன? எண்ணை வெளியே எழுதினால் யார் போய்ப் படிப்பது? ஆகவே பந்தின் உள்ளேயே ஒரு மின்னணுச் சிப்பை வைப்பது என்று முடிவாயிற்று. வேர்ல்டு கோல்ஃப் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் வழியே இந்த முயற்சி நடந்தது.

சொல்வதற்கு எளிதான இந்த யோசனை பொறியியல் கணக்கில் எத்தனை கடுமையானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோல்ஃப் பந்தின் குறுக்களவு சுமார் 43 மில்லிமீட்டர், எடை 46 கிராமுக்கு மிகாது. மட்டை அதைத் தொட்டு விடுவிக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கண நேரத்தில் பந்து பக்கவாட்டில் நசுங்கி, மீண்டும் உருண்டையாகி, நல்ல ஆட்டக்காரர் அடித்ததாக இருந்தால் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. இந்த அடியை ஒருமுறை தாங்கினால் போதாது. நாள்தோறும், மாதக்கணக்கில், ஆயிரக்கணக்கான அடிகளைச் சிப்பும் அதன் மெல்லிய கம்பிச் சுருளும் தாங்க வேண்டும். சிப் இருப்பதால் பந்தின் எடைச் சமநிலை கெட்டு அது கோணலாகப் பறக்கவும் கூடாது. மின்கலம் வைக்க இடமில்லை, வைத்தால் மாற்றவும் வழியில்லை.

இதற்கு விடையாக வந்ததுதான் ஆர்.எஃப்.ஐ.டி. தொழில்நுட்பம். நம் ஊர்ச் சுங்கச்சாவடிகளில் கார்க் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். சிப்புக்கென்று தனி மின்சாரம் கிடையாது. படிப்பான் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே அது தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொண்டு, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும்.

ஒரு பந்தின் பயணம்

இந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதை ஒரு பந்தைப் பின்தொடர்ந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்கு ‘பே’ என்று பெயர். அங்கே உள்ள திரையில் முதலில் தன் பெயரைப் பதிகிறார். மட்டையின் தலையைச் சென்சாருக்கு மேலே ஒருமுறை ஆட்டியதும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பந்து உருண்டு வருகிறது. வருகிற வழியிலேயே படிப்பான் அதன் எண்ணை வாங்கிக்கொள்கிறது. இன்ன எண்ணுள்ள பந்து இன்னாருடையது என்று கணினி குறித்துக்கொள்கிறது. அதுவரை ஊர் பேர் இல்லாமல் கிடந்த பந்துக்கு அந்தக் கணத்தில் ஒரு சொந்தக்காரர் கிடைக்கிறார்.

எதிரே திடலில், ஏறத்தாழ 20 கஜம் முதல் 240 கஜம் வரை, பல வண்ண இலக்குகள் வட்ட வட்டமாகப் பரந்திருக்கின்றன. சிவப்பு அருகில் இருக்கும், வெள்ளை தொலைவில் இருக்கும். ஒவ்வொரு இலக்கும் நடுப்பகுதி, சுற்றுப்பகுதி என்று பிரிந்து, சரிவான வலையோடு தாழ்வாக அமைந்திருக்கும். பந்து அதில் விழுந்ததும் சரிவில் உருண்டு, அந்தப் பகுதிக்குரிய வாய்க்குள் இறங்குகிறது. அங்கே இரண்டாவது படிப்பான் காத்திருக்கிறது. எண் சரிபார்க்கப்பட்ட அடுத்த நொடி, அடித்தவர் பக்கத்துத் திரையில் அவருடைய பெயருக்கு நேரே புள்ளி ஏறுகிறது. இலக்கு தொலைவில் இருந்தால் புள்ளி கூடும். நடுவுக்கு நெருங்கினாலும் கூடும்.

‘டாப்ஸ்கோர்’ என்ற இந்த முதன்மை ஆட்டத்தில் நான் மிகவும் மதிப்பது அதன் நியாயத்தை. வலுவாக அடிப்பவர் தொலைவிலுள்ள வெள்ளைக்கும் நீலத்துக்கும் குறி வைக்கலாம். வலுவில்லாதவர் அருகிலுள்ள சிவப்பின் நடுவில் அமைதியாகப் பந்தை இறக்கிப் புள்ளி சேர்க்கலாம். பத்து வயதுச் சிறுமியும் அவளுடைய தந்தையும் ஒரே ஆட்டத்தில், ஒரே கணக்கில் போட்டியிட முடிகிறது. மைதானத்தில் இந்த இருவரையும் சேர்த்து ஆட வைக்க வேண்டுமானால் திறன் வேறுபாட்டை ஈடுகட்டும் ஹேண்டிகேப் கணக்கும் தனித்தனித் தொடக்கக் கோடுகளும் தேவைப்படும்.

அட்லாண்டிக்கைக் கடந்து

வாட்ஃபோர்டுக்குப் பின் இங்கிலாந்தில் சிக்வெல், ஆடில்ஸ்டோன் ஆகிய இடங்களிலும் கூடங்கள் எழுந்தன. 2005-இல் நிறுவனம் அமெரிக்காவுக்குப் போயிற்று. வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்டிரியாவில் அமைந்ததுதான் அங்கே முதல் கூடம். இல்லினாய் மாநிலத்தின் உட் டேல் அடுத்த சில ஆண்டுகளில் சேர்ந்தது. பிறகு டெக்சாஸ் மாநிலத்தில் நிறுவனம் ஆழமாக வேரூன்றியது. கோல்ஃப் கருவிகள் செய்யும் காலவே நிறுவனம் தொடக்க காலத்திலேயே முதலீட்டாளராகத் துணை நின்றது.

அமெரிக்க மண்ணில்தான் கூடத்தின் வடிவம் மாறியது. மூன்று தளங்கள், நூறு அளவிலான ‘பே’க்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பேர் வரை அமர்ந்து ஆட இடம், உணவகம், கூட்டங்களுக்கான அறைகள் என்று கட்டடம் விரிந்தது. குளிர்காலத்துக்கு மேலிருந்து வெப்பமூட்டிகளும் கோடைக்கு விசிறிகளும் அமைத்ததால் ஆண்டு முழுவதும் திறந்து வைக்க முடிந்தது. வாளிக் கணக்கில் பந்துக்குப் பணம் வாங்குவது திடல்களின் பழைய வழக்கம். இங்கே ‘பே’வுக்கு மணிக்கணக்கில் வாடகை. பந்து எத்தனை ஆயிற்று என்று எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பதால், வந்தவர்கள் பேசிச் சிரித்து நிதானமாக ஆடினார்கள். 2016-இல் லாஸ் வேகாஸ் நகரில் திறந்த கூடம் நான்கு தளங்களோடும் நீச்சல் குளங்களோடும் நிறுவனத்தின் புகழை உலகறியச் செய்தது.

கண் திறந்த திடல்

அதே 2016-ஆம் ஆண்டு நிறுவன வரலாற்றில் இன்னொரு திருப்பம். ஸ்வீடனில் டேனியல் ஃபோர்ஸ்கிரென் என்பவர் 2006-இல் தொடங்கிய புரோட்ரேசர் நிறுவனத்தை டாப்கோல்ஃப் வாங்கி, டாப்டிரேசர் என்று பெயர் மாற்றியது. தொலைக்காட்சியில் கோல்ஃப் போட்டி பார்ப்பவர்களுக்கு, வானில் பறக்கும் பந்தின் பின்னால் நீளும் வண்ணக் கோடு பழக்கமானது. அந்தக் கோட்டை வரைந்து காட்டிய முன்னோடி நிறுவனங்களில் ஒன்று இது.

சிப் முறைக்கு ஓர் எல்லை இருந்தது. இலக்குக்குள் விழுந்த பந்துதான் பேசும். வலைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்த நல்ல அடிக்கும், பக்கத்துத் தூணில் மோதிய மோசமான அடிக்கும் ஒரே பூஜ்யம்தான். பறந்த பாதையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. டாப்டிரேசர் இந்தக் குறையைத் தீர்த்தது. உயரத்தில் பொருத்திய கேமராக்கள் திடல் முழுவதையும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்தடுத்த படங்களில் நகரும் மிகச் சிறிய வெண்புள்ளியைக் கணினி பிரித்தெடுக்கும். பறவை, பூச்சி, மழைத்துளி ஆகியவற்றின் நகர்வு அடிக்கப்பட்ட பந்தின் பாதையோடு ஒத்துப்போகாது என்பதால் அவற்றைத் தள்ளிவிடும். வெவ்வேறு கோணத்துக் கேமராக்கள் கண்டதை இணைத்து முப்பரிமாணப் பாதையை உருவாக்கும். அந்தப் பாதையைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்து, பந்து எந்தப் ‘பே’யிலிருந்து கிளம்பியது என்று முடிவு செய்யும். வேகம், உயரம், தூரம், வளைவு அனைத்தும் திரைக்கு வந்துவிடும். பந்துக்குள் எதுவும் வைக்க வேண்டியதில்லை என்பதால், ஊர்ப்புறத்துச் சாதாரணப் பயிற்சித் திடல்களும் தம் பழைய பந்துகளோடே இந்த வசதியைப் பெற முடிந்தது.

இதே பாதையில் மற்றவர்களும் நடந்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்வது முறை. டென்மார்க்கின் டிராக்மேன் நிறுவனம் 2003-இல் பிறந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஃபிரெட்ரிக் டக்சன் ரேடார் பொறியாளர். டாப்ளர் ரேடார் அனுப்பும் அலை பறக்கும் பந்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறும். அந்த மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடுவது அவர்கள் வழி. தென்கொரியாவில் 2000-ஆம் ஆண்டிலேயே, வாட்ஃபோர்டு கூடம் திறந்த அதே ஆண்டில் பிறந்த கோல்ஃப்ஸோன் நிறுவனம், அறைக்குள் திரை வைத்து ஆடும் முறையை நாடெங்கும் பரப்பியது. மூன்று நாடுகளில் மூன்று வழிகள். அடித்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற நோக்கம் மூன்றுக்கும் பொது.

பாதை முழுவதும் தெரிந்த பிறகு ஆட்டங்களுக்கு எல்லையே இல்லாமல் போயிற்று. திடலில் பறக்கும் மெய்யான பந்து, திரையில் உள்ள கற்பனை உலகத்துக்குள் போய் விழத் தொடங்கியது. ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ விளையாட்டின் கோட்டைகளை உண்மையான அடியால் இடித்துத் தள்ளலாம். புகழ்பெற்ற மைதானங்களின் குழிகளைத் திரையில் வரவழைத்து, அடித்த தூரத்துக்கு ஏற்ப முன்னேறலாம். கைப்பேசியில் கோல்ஃப் ஆட்டம் நடத்திவந்த வேர்ல்டு கோல்ஃப் டூர் நிறுவனத்தையும் 2016-இல் வாங்கியதால், அங்கே திரண்ட அனுபவமும் துணைக்கு வந்தது.

சோதனைக் காலங்கள்

வளர்ச்சிக்கு நடுவே சோதனைகளும் வந்தன. இரவில் எரியும் விளக்கு, ஓங்கி நிற்கும் வலைத்தூண்கள், வாகன நெரிசல் ஆகியவற்றைக் குறித்து அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் பல ஊர்களில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. இதுபோன்ற கூடத்தை எந்த ஊரில் எழுப்பினாலும் முதலில் பேசித் தீர்க்க வேண்டியவை. 2020 மார்ச்சில் கொரோனாவால் அமெரிக்கக் கூடங்கள் அனைத்தும் மூடப்பட்டன. மக்களைக் கூட்டுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு அது பேரிடி. அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் காலவேயுடனான இணைப்பு அறிவிக்கப்பட்டு, 2021 மார்ச்சில் நிறைவேறியது. 2022-இல் தாய் நிறுவனம் டாப்கோல்ஃப் காலவே பிராண்ட்ஸ் என்று பெயர் பெற்றது. இரண்டும் மீண்டும் பிரிய வேண்டிய நிலையும் பின்னர் வந்தது. 2025 நவம்பரில், டாப்கோல்ஃபின் பெரும்பான்மைப் பங்கை லெனார்ட் கிரீன் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தமானதாக அறிவிப்பு வெளியாயிற்று.

‘இது கோல்ஃப்தானா?’ என்ற கேள்வியும் 25 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய கோல்ஃப் அறக்கட்டளை வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக் கணக்கு இதற்கு ஒரு பதில் தருகிறது. அந்நாட்டில் அந்த ஆண்டு ஏதேனும் ஒரு வடிவில் கோல்ஃப் ஆடியவர்கள் 4 கோடியே 11 லட்சம் பேர். மைதானத்தில் ஆடியவர்கள் 2 கோடியே 56 லட்சம் பேர். எஞ்சிய 1 கோடியே 55 லட்சம் பேர் மைதானத்தில் கால் வைக்காமல், பயிற்சித் திடலிலும் திரைக்கு முன்னும் மட்டுமே ஆடினார்கள். மைதானத்துக்கு வெளியே ஆடியோரின் மொத்த எண்ணிக்கை மைதானத்தில் ஆடியோரின் எண்ணிக்கையை அந்த ஆண்டில்தான் முதன்முறையாகத் தாண்டியது. பெண்களின் பங்கும் இளையோரின் பங்கும் மைதானத்தைவிட அதற்கு வெளியே அதிகம். உறுப்பினர் கட்டணம், உடைக் கட்டுப்பாடு, நான்கு மணி நேர ஆட்டம் ஆகியவை தடுத்து நிறுத்தியவர்களை, 20 கஜத்தில் இருந்த ஒரு வண்ண வட்டம் உள்ளே அழைத்தது.

முன்னால் தெரியாத கைகள்

நிறுவனர்களையும் முதலீட்டாளர்களையும் பெயர் சொல்லிப் போற்றும்போது, பெயர் தெரியாத உழைப்பாளிகளை மறந்துவிடக் கூடாது. கூண்டு பொருத்திய வண்டியில் அமர்ந்து, பந்துகள் பறந்துகொண்டிருக்கும்போதே திடலைச் சுற்றி வந்து சிதறியவற்றைத் திரட்டுபவர்கள், அவற்றைக் கழுவி உலர்த்தி மீண்டும் வரிசைக்கு அனுப்புபவர்கள், பழுதான படிப்பானையும் பனி படிந்த கேமராவையும் சீர்செய்யும் தொழில்நுட்பப் பணியாளர்கள் இவர்கள். கேமரா காற்றில் சற்றே அசைந்து கோணம் மாறினால்கூடக் கணக்கு தவறிவிடும். ஆகவே அளவை அவ்வப்போது சரிபார்ப்பது இடையறாத வேலை. பயிற்சித் திடல் பந்து மைதானப் பந்தைப் போல அத்தனை தூரம் போகாது. தேய்ந்த பந்து இன்னும் குறையும். மைதானப் பந்தாக இருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று மென்பொருள் திருத்திச் சொல்லவும் முடியும். அந்தத் திருத்தம் நேர்மையாக அமைய வேண்டும் என்று கருதி உழைப்பவர்களும் உண்டு. திரையில் தோன்றும் எண்ணை ஆட்டக்காரர் கேள்வி கேட்காமல் நம்புவது இவர்கள் எல்லாருடைய கவனத்தாலும்தான்.

முதல் முறையாக மட்டை பிடிப்பவரின் விரல்களை வைக்கும் விதம் சொல்லிக்கொடுத்து, நிற்கும் நிலையைத் திருத்தி, முதல் பந்து எழும்பிப் பறந்ததும் அவரோடு சேர்ந்து கைதட்டும் பணியாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் இந்த வரலாற்றில் தனியிடம் உண்டு. எண் தரும் தகவலைப் பாடமாக மாற்றித் தருபவர்கள் அவர்களே.

அடுத்த கால் நூற்றாண்டுக்கு

ஜாலிஃப் சகோதரர்கள் பின்னர் பட்ஷாக் என்ற மினி கோல்ஃப் நிறுவனத்தின் தொடக்கத்திலும் பங்கேற்று, பந்தைத் தடம்பற்றும் அதே சிந்தனையை அங்கும் கொண்டுபோனார்கள். அவர்கள் தொடங்கிவைத்தது இன்று பல நிறுவனங்களின் பொதுச் சொத்தாகிவிட்டது. கேமராவின் கூர்மை இன்னும் கூடும். மட்டையின் வீச்சையும் உடலின் அசைவையும் சேர்த்துப் படிக்கும் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன.

கருவி எத்தனை நுட்பமானதானாலும் நிறுவனம் கைவிடக் கூடாதது ஒன்று உண்டு. அருகிலுள்ள சிவப்பு வட்டத்துக்குக் குறி வைக்கும் புதியவருக்கும் தகுந்த மதிப்பெண் தரும் அந்தத் தொடக்க கால நியாயம்தான் அது. மணி வாடகை ஏறிக்கொண்டே போனால், மைதானத்தின் கட்டண மதிலுக்கு மாற்றாக எழுந்த கூடம் தானே ஒரு மதிலாகிவிடும். கூட்டம் குறைந்த காலை நேரத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் குறைந்த கட்டணத்தில் திறந்துவிடுவது, சக்கர நாற்காலியில் வருபவர் தடையின்றி ஆட ஒவ்வொரு தளத்திலும் இடம் அமைப்பது, ஆட்டக்காரரின் தகவலை அவர் அனுமதியின்றி யாருக்கும் தராதிருப்பது ஆகிய மூன்றையும் இதுபோன்ற கூடம் நடத்தும் எல்லாரும் கடமையாக ஏற்க வேண்டும்.

ஒரு பந்துக்கு எண் கொடுத்ததால் ஒரு விளையாட்டுக்குப் புதிய மக்கள் கிடைத்தார்கள். புதிதாக ஒருவர் வந்து தயங்கி நிற்கும்போது அவருக்கும் ஓர் இலக்கை எட்டும் தூரத்தில் வைத்துக் கொடுக்கும் நிறுவனமாக டாப்கோல்ஃப் இன்னும் பல கால் நூற்றாண்டுகள் வாழ வாழ்த்துவோம்.